சென்ட்ரல் லைன் இருக்கும் நோயாளிக்கு மருந்து கொடுப்பது எப்படி: ஐசியுவுக்குப் புதிதாக வரும் நர்ஸுகளுக்கு

நர்ஸிங் முடித்து, கவுன்சில் பதிவு வாங்கிய கையோடு சென்னைக்கு வந்து ஐசியுவில் சேருகிற பிள்ளைகள் கையில் கேன்யூலா போடுவதில் பெரும்பாலும் கெட்டிக்காரர்கள். கழுத்து வழியாக இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் வரை போய், வெளியே மூன்று வால் தொங்கும் சென்ட்ரல் லைனைப் பார்த்ததும்தான் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் நல்லது. கொஞ்ச நாளில் அது காணாமல் போய்விடுவதுதான் எனக்குக் கவலை. பழகிய கை யோசிக்காமல் மூடியைத் திறக்கும், சும்மா ஒரு ஃப்ளஷ் (குழாயைக் கழுவச் சலைன் தள்ளுவது) போடும். ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கிருமிக்கும் காற்றுக்கும் இதயம் வரை வழி விடுகிறோம். அதனால் குறைவாகத் திறங்கள், திறந்தால் முறையாகத் திறங்கள். நான் சொல்ல வருவது இதைத்தான். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டரின் ஆர்டரும் உங்கள் மருத்துவமனையில் எழுதி வைத்திருக்கும் நடைமுறையும்தான் எப்போதும் முதலில். நான் எழுதுவது பெரியவர்களுக்கான ஐசியுவை மனதில் வைத்து. குழந்தைகளுக்கு அளவுகள் எல்லாமே வேறு.

முனை எங்கே நிற்கிறது

கையில் போட்ட கேன்யூலாவில் மருந்து ஒரு சின்ன ரத்தக்குழாயில் இறங்குகிறது. அங்கே ஓட்டம் குறைவு. காரமான மருந்து போனால் குழாயின் சுவர் புண்ணாகும், நோயாளி "எரியுது சிஸ்டர்" என்பார். சென்ட்ரல் லைன் கழுத்து வழியாகவோ காறை எலும்புக்குக் கீழேயோ நுழைந்தாலும், அதன் முனை எஸ்விசி என்கிற மேல் பெருஞ்சிரையில், வலது ஏட்ரியத்தின் வாசலில் போய் நிற்கிறது. நிமிடத்துக்கு சுமார் 2 லிட்டர் ரத்தம் ஓடும் இடம் அது. எவ்வளவு காரமான மருந்தும் விழுந்த கணமே கலந்து நீர்த்துவிடும். நார்அட்ரீனலின் (பிபியை ஏற்றும் மருந்து), அடர்த்தியான பொட்டாசியம், டிபிஎன் (ரத்தக்குழாய் வழியாகவே தரும் உணவு), சில கீமோ மருந்துகள் எல்லாம் இந்த வழியில் போவது அதனால்தான். தப்பான மருந்தும் காற்றுக் குமிழும் அதே வேகத்தில் போய்ச் சேரும் என்பதும் அதனால்தான்.

புது லைன் போட்டவுடன் மருந்தை மாட்டிவிடாதீர்கள். கழுத்து, காறை எலும்பு வழி லைன் என்றால், முனை சரியான இடத்தில் இருக்கிறது, நுரையீரல் உறையில் காற்று சேரவில்லை என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் எழுதிய பிறகுதான். கேஷுவாலிட்டியிலிருந்தோ தியேட்டரிலிருந்தோ லைனோடு வருகிற நோயாளிக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: "சார், எக்ஸ்ரே பார்த்தாச்சா?" உயிர் போகிற அவசரத்தில் டாக்டர் வேறு வழியில் உறுதி செய்துவிட்டு உடனே தொடங்கச் சொல்லலாம். அது அவர் எடுக்கும் முடிவு, அதையும் நேரத்தோடு எழுதி வையுங்கள்.

1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர் தன் கையிலிருந்த ரத்தக்குழாய் வழியாகவே ஒரு குழாயை இதயம் வரை செலுத்திப் பார்த்தார். கூட இருந்து உதவியவர் கெர்டா டிட்சன் என்ற நர்ஸ். குழாயைச் செருகிக்கொண்ட கையோடு ஃபோர்ஸ்மன் போன இடம் எக்ஸ்ரே அறை. முனை எங்கே இருக்கிறது என்று படத்தில் பார்த்த பிறகுதான் நம்பினார். 1956-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த நர்ஸின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஐசியுக்களில் அதிகம் பார்ப்பது மூன்று லூமன் (ஒரே லைனுக்குள் தனித்தனியாக ஓடும் வழிகள்) உள்ள லைன். பெரும்பாலான கம்பெனிகளில் பிரவுன் நிறம் முனைக்கு மிக அருகே திறக்கும் டிஸ்டல் லூமன், நீலம் நடு, வெள்ளை பிராக்ஸிமல். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹப்பிலும் (சிரிஞ்ச் மாட்டும் வாய்) க்ளாம்ப்பிலும் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். டிஸ்டல்தான் அகலமானது. சிவிபி (பெருஞ்சிரையில் உள்ள அழுத்தம்) பார்ப்பதும், ரத்தமோ ஃப்ளூயிடோ வேகமாக ஏற்றுவதும் அதில். மற்ற இரண்டில் ஒன்றை நார்அட்ரீனலின் போன்ற மருந்துக்கென்றே ஒதுக்கி, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்குள் வேறு எதுவும் போகக் கூடாது. மிச்சமிருக்கும் ஒன்றில்தான் ஆன்டிபயாடிக், பேன்டோப்ரசோல் மாதிரி வேளாவேளைக்குக் கொடுக்கும் மருந்துகள். டிபிஎன் ஓடுகிறது என்றால் அதற்கும் தனி லூமன் வேண்டும். அப்போது இடம் போதாது, டாக்டரிடம் பேசி முன்கூட்டியே திட்டம் போடுங்கள்.

டயாலிஸிஸ் கதீட்டர் பார்ப்பதற்கு சென்ட்ரல் லைன் மாதிரியே கழுத்தில் இருக்கும். அதில் மருந்து போடாதீர்கள். இரண்டு லூமனிலும் ஹெபரினை நிரப்பி மூடி வைத்திருப்பார்கள். தெரியாமல் மேலே ஃப்ளஷ் போட்டால் அத்தனை ஹெபரினும் ஒரே தள்ளில் உடம்புக்குள் போய்விடும்.

ஆளைச் சரிபார்ப்பது

சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இதில் சென்னை வார்டுகளில் எனக்கு அதிகம் பயம் முதலாவதில்தான். குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிற வழக்கம் நமக்கு இல்லை. ஒரே வார்டில் இரண்டு செல்வி, இரண்டு முருகன் இருப்பது அன்றாடம். ஒருத்தர் கே. செல்வி, இன்னொருத்தர் எம். செல்வி, அவ்வளவுதான் வித்தியாசம். "நீங்க செல்விதானே?" என்று கேட்டால் அசதியில் இருக்கிற யாரும் தலையாட்டுவார்கள். "உங்க பேர் சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன, இல்ல அப்பா பேர் சொல்லுங்க" என்று அவர்கள் வாயாலேயே வரவழையுங்கள். அப்புறம் கையில் கட்டியிருக்கும் பேண்டில் ஆஸ்பத்திரி நம்பரைப் பாருங்கள். நெல்லூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வருகிற நோயாளிகளிடம் நம் தமிழ் எடுபடாது. மயக்கத்தில் வென்டிலேட்டரில் இருப்பவர் பேசவே முடியாது. அங்கெல்லாம் பேண்டும் நம்பரும்தான் சாட்சி. படுக்கை எண் சாட்சி ஆகாது. ராத்திரி படுக்கை மாறியிருக்கும்.

மருந்தை எடுப்பது, கலப்பது

பொட்டாசியம் குளோரைடிலிருந்து தொடங்குகிறேன். நம்மிடம் வருவது 15 சதவீத ஆம்பூல், 10 மி.லி. அதில் இருப்பது 20 மில்லி ஈக்விவேலன்ட். பார்ப்பதற்கு டிஸ்டில்ட் வாட்டர், சலைன் ஆம்பூல்களோடு குழம்பும். அதனால் ஒரே ட்ரேயில் வைக்காதீர்கள், தனி டப்பாவில் பூட்டி வையுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் சிரிஞ்சில் எடுத்து நேராகத் தள்ளக் கூடாது. இதயம் நின்றுவிடும். கையில் உள்ள லைன் என்றால் மணிக்கு 10 மில்லி ஈக்விவேலன்ட்டுக்கு மேல் போவது வழக்கமில்லை, 500 மி.லி. பாட்டிலில் ஒரு ஆம்பூல்தான். சென்ட்ரல் லைனில் மானிட்டர் பார்த்துக்கொண்டு, பம்ப்பில், டாக்டர் எழுதினால் மணிக்கு 20 வரை போகலாம்.

இன்னொன்று, தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் கேசிஎல், அதாவது பொட்டாசியம் குளோரைடு, சேர்க்காதீர்கள். அது சலைனைவிட கனம். சேர்த்தது அப்படியே கீழே போர்ட்டுக்குப் பக்கத்தில் தங்கி, முதல் சில நிமிடத்தில் மொத்தமாக இறங்கிவிடும். பாட்டிலை இறக்கி, மருந்தைச் சேர்த்து, பல தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகு மாட்டுங்கள்.

ஹெபரினில் வேறு சிக்கல். 5 மி.லி. வயல் இரண்டு வலிமையில் வருகிறது. ஒன்றில் ஒரு மி.லி.க்கு 1000 யூனிட், மற்றதில் 5000 யூனிட். வயல் அளவு ஒன்றுதான், உள்ளே இருப்பது ஐந்து மடங்கு. ஹெபரின், இன்சுலின், பொட்டாசியம், மார்ஃபின், நார்அட்ரீனலின் இவற்றை எடுக்கும்போது இன்னொரு சிஸ்டரையோ பிரதரையோ கூப்பிட்டு, ஆம்பூலையும் சிரிஞ்சையும் ஆர்டரையும் காட்டுங்கள். அவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். "சரியா இருக்குல்ல?" என்று கேட்டுத் தலையாட்ட வைப்பது டபுள் செக் ஆகாது.

கணக்குக்கு ஒரு உதாரணம். நார்அட்ரீனலின் 4 மில்லிகிராம், மொத்தம் 50 மி.லி. ஆகும்படி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்திருக்கிறீர்கள். ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். ஆர்டர் நிமிடத்துக்கு 8 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 480. அதை 80-ஆல் வகுத்தால் மணிக்கு 6 மி.லி. பம்ப்பில் 6 என்று அழுத்துவதற்கு முன் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆம்பூலில் எழுதியிருப்பது பைடார்ட்ரேட் உப்பின் எடையா, நார்அட்ரீனலினின் எடையா என்றும் படியுங்கள். 2 மில்லிகிராம் உப்பில் மருந்து 1 மில்லிகிராம்தான். இரண்டு கம்பெனி ஆம்பூல் மாறி வந்த நாளில், நேற்றுப் போட்ட அதே 6 இன்று அதே அளவாக இருக்காது.

பம்ப் இல்லாத வார்டில் சொட்டுக் கணக்கு. நம்மூர் சாதாரண ஐவி செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மி.லி., மைக்ரோ செட்டில் 60. செட்டின் கவரிலேயே போட்டிருக்கும். 100 மி.லி. ஒரு மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 33 சொட்டு.

எது எதோடு சேராது என்பதை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், பட்டியலை மருந்து ட்ராலியிலேயே ஒட்டி வையுங்கள். ஆனால் சிலது தலையில் இருந்தே ஆக வேண்டும். ஃபெனிடாயின் சலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸ் பட்டால் படிகமாகிவிடும். நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக, ஈசிஜியையும் பிபியையும் பார்த்துக்கொண்டே. சாதாரண ஆம்ஃபோடெரிசின் அதற்கு நேர் எதிர். டெக்ஸ்ட்ரோஸில் மட்டும், சலைன் பட்டால் திரியும். அதற்கு முன்னும் பின்னும் போடும் ஃப்ளஷ் கூட டெக்ஸ்ட்ரோஸ்தான். வான்கோமைசின் ஒரு கிராம் என்றால் குறைந்தது 60 நிமிடம். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து, அரிப்பு வந்து, பிபி இறங்கும். சோடியம் பைகார்பனேட் ஓடும் லூமனில் அட்ரீனலினும் கால்சியமும் கூடாது.

செஃப்ட்ரியாக்ஸோனும் கால்சியமும் சேர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கால்சியம் குளுக்கோனேட் ஓடிக்கொண்டிருந்த லூமனில், த்ரீவே (மூன்று வாய் உள்ள இணைப்பு) வழியாக ஒருவர் செஃப்ட்ரியாக்ஸோனைத் தொடங்கியிருந்தார். எக்ஸ்டென்ஷன் குழாயில் முதலில் லேசான மங்கல். விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தெரிகிற அளவுக்கு. அப்புறம் த்ரீவேயின் மூலையில் வெள்ளைத் துகள்கள் தேங்க ஆரம்பித்தன. பக்கத்துப் படுக்கையில் இருந்த சிஸ்டர் ஓடி வந்து, பாட்டில் பக்கம் போகாமல், நோயாளிக்கு மிக அருகில் இருந்த க்ளாம்ப்பை முதலில் மூடினார். பிறகுதான் குழாயைக் கழற்றினார், டாக்டருக்குச் சொன்னார். அந்த வரிசையை நினைவில் வையுங்கள். குழாய்க்குள் எது தப்பாகப் போனாலும் முதலில் மூட வேண்டியது நோயாளி பக்கம். ரிங்கர் லாக்டேட்டிலும் கால்சியம் இருக்கிறது என்பது பலருக்கு மறந்துபோகும். ஆர்எல் ஓடும் லைனிலும் செஃப்ட்ரியாக்ஸோன் கூடாது.

கலந்தவுடன் லேபிள். மருந்தின் பெயர், அளவு, எதில் எத்தனை மி.லி., தேதி, நேரம், உங்கள் கையெழுத்து. லேபிள் இல்லாத சிரிஞ்ச் யாருடையதாக இருந்தாலும், அது உங்கள் கண் முன்னால் எடுத்ததாகவே இருந்தாலும், குப்பைக்குத்தான்.

நம்மூரில் நிறுத்த வேண்டிய மூன்று பழக்கங்கள்

ஒன்று, பாட்டிலில் ஊசி குத்துவது. சொட்டு ஒழுங்காக விழவில்லை என்று பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்புறம் ஊசியைக் குத்திக் காற்று விடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். வடிகட்டாத அறைக்காற்று நேராக மருந்துக்குள் போகிறது. அந்த மருந்து போய்ச் சேருவது இதயத்துக்கு. ஏர் வென்ட் உள்ள ஐவி செட்டைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பைக்குக்குப் பக்கத்திலேயே வடிகட்டியோடு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் போதும்.

இரண்டு, ஃப்ளஷ்ஷுக்கு என்று ஒரு சலைன் பாட்டிலைத் திறந்து வைத்து நாள் முழுக்க எல்லாருக்கும் அதிலிருந்து எடுப்பது. ஒரு நோயாளியின் கிருமி அந்த பாட்டில் வழியாக வார்டு முழுக்கப் போகும். ஒவ்வொரு தடவையும் புது 10 மி.லி. சலைன் ஆம்பூல். விலை அதிகமில்லை. ஸ்டாக் இல்லை என்றால் இன்சார்ஜிடம் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். இதற்காகச் சண்டை போட்டாலும் தப்பில்லை.

மூன்று, வயலின் ரப்பரில் ஊசியைக் குத்தியபடியே விட்டு வைப்பது. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பார்த்தால் வயலோடு எடுத்துப் போட்டுவிடுங்கள்.

ஹப்பைத் துடைப்பதும் ஃப்ளஷ் போடுவதும்

கை கழுவுங்கள், அல்லது ஹேண்ட் ரப் போட்டு ஈரம் காயும்வரை தேயுங்கள். கையுறை போடுங்கள். ஆல்கஹால் ஸ்வாபை ஹப்பின் மேல் வைத்து, முறுக்கிய மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டும், 15 விநாடி. மேல் பரப்பை மட்டும் தொட்டுவிட்டு எடுப்பது போதாது, மரை இருக்கும் பக்கவாட்டிலும் தேய்க்க வேண்டும். 15 விநாடி என்பது நினைப்பதைவிட நீளம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தடவை செய்து பாருங்கள், பாதியிலேயே நிறுத்தத் தோன்றும். அப்புறம் காய விடுங்கள். கிருமி சாவதில் பாதி வேலை காயும்போதுதான் நடக்கிறது. ஊதாதீர்கள், கையால் விசிறாதீர்கள். துடைத்த ஹப்பைப் படுக்கைமேல் விழ விட்டால் திரும்ப முதலிலிருந்து. த்ரீவேயிலிருந்து கழற்றிய மூடியை மறுபடி போடக் கூடாது, புது மூடிதான்.

ஃப்ளஷ்ஷுக்கு 10 மி.லி. சிரிஞ்ச்தான். 2 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சில் அதே விரல் பலத்துக்கு உள்ளே அழுத்தம் மிக அதிகம். அடைத்திருக்கும் லைன் கிழிந்துவிடலாம், உறைந்த ரத்தக்கட்டி உள்ளே தள்ளப்படலாம். க்ளாம்ப்பைத் திறந்து முதலில் மெதுவாகப் பின்னே இழுங்கள், ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சலைனைக் கொஞ்சம் தள்ளி, ஒரு கணம் நிறுத்தி, மறுபடி தள்ளி என்று விட்டு விட்டுப் போடுங்கள். ஒரே சீராகத் தள்ளினால் நடுவில் மட்டும் ஓடிப் போகும், விட்டு விட்டுத் தள்ளினால்தான் சுழன்று குழாயின் சுவரைக் கழுவும். சிரிஞ்சைக் கடைசிச் சொட்டுவரை காலி செய்யாமல் கொஞ்சம் மிச்சம் வைத்து, தள்ளிக்கொண்டே க்ளாம்ப்பைப் போடுங்கள். ரத்தம் பின்னே ஏறி முனையில் உறையாது. சில நீடில்லெஸ் கனெக்டர்களில் இந்த வரிசை மாறும், அதன் கவரில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

வரிசை இதுதான்: சலைன், மருந்து, சலைன். கடைசி சலைனைப் பற்றி யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. மருந்து தள்ளி முடித்ததும் அதன் கடைசிப் பகுதி இன்னும் லூமனுக்குள்தான் இருக்கிறது. அதை உடம்புக்குள் தள்ளுவது உங்கள் ஃப்ளஷ். ஐந்து நிமிடத்தில் மெதுவாகக் கொடுக்க வேண்டிய மருந்தைப் பொறுமையாகக் கொடுத்துவிட்டு, ஃப்ளஷ்ஷைச் சட்டென்று தள்ளினால் மிச்ச மருந்து ஒரே நொடியில் இறங்கும். ஃப்ளஷ்ஷின் முதல் பகுதியும் மருந்தின் வேகத்திலேயே போகட்டும்.

இதே காரணத்துக்காகத்தான் நார்அட்ரீனலின் லூமனை ஒருபோதும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. உள்ளே நிற்கும் ஒரு மி.லி.க்கும் குறைவான மருந்து மொத்தமாகப் போனால் பிபி 200-ஐத் தாண்டலாம். மருந்தை நிறுத்திய பிறகு அந்த லூமன் வேறு எதற்காவது வேண்டும் என்றால், முதலில் உள்ளே இருப்பதைப் பின்னே இழுத்து வெளியேற்றி, பிறகு ஃப்ளஷ். சிரிஞ்ச் மாற்றும்போதும் கவனம் வேண்டும். பழையது தீரும் அலாரம் அடித்த பிறகு புதிதைக் கலக்க ஆரம்பித்தால், அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நோயாளியின் பிபி கையை விட்டுப் போய்விடும். அரை மணி நேரம் முன்பே அடுத்த சிரிஞ்ச் தயாராகப் பம்ப் பக்கத்தில் இருக்கட்டும். கரண்ட் போனால் பம்ப்பின் பேட்டரி தாங்குமா என்பதையும் டியூட்டி ஏற்ற உடனே பாருங்கள்.

தள்ள முடியாமல் இறுகினால் பலம் காட்டாதீர்கள். க்ளாம்ப் மூடியிருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். தலையைத் திருப்பச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் அந்த லூமனில் "அடைப்பு, பயன்படுத்தாதீர்" என்று எழுதி ஒட்டி டாக்டருக்குச் சொல்லுங்கள்.

ஹேண்ட் ஓவர் வாங்கும்போது ஒவ்வொரு குழாயையும் பாட்டிலிலிருந்து நோயாளிவரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வாயால் சொல்வதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். தொடர்ந்து ஓடும் செட்டை 96 மணி நேரத்துக்கு முன் மாற்றத் தேவையில்லை, 7 நாளைத் தாண்டவும் விடக் கூடாது. ரத்தமோ கொழுப்புச் சத்தோ போன செட் என்றால் 24 மணி நேரத்துக்குள், புரோப்போஃபால் என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள்.

ட்ரெஸ்ஸிங், வியர்வை, விபூதி

கண்ணாடி மாதிரி தெரிகிற ட்ரெஸ்ஸிங் 7 நாள் தாங்கும், காஸ் வைத்துக் கட்டியது 2 நாள். இது புத்தகக் கணக்கு. கத்திரி வெயிலில், ஏசி சரியாக வேலை செய்யாத வார்டில், கழுத்து மடிப்பில் ஒட்டியது மூன்றாம் நாளே ஓரம் கிளம்பிவிடும். கிளம்பினாலோ, உள்ளே ஈரம் கோர்த்தாலோ, ரத்தம் கசிந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே மாற்றுங்கள். கிளம்பிய ஓரத்தின்மேல் இன்னொரு பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். அதிகம் வியர்ப்பவருக்குக் கண்ணாடி ட்ரெஸ்ஸிங்கைவிட ஸ்டெரைல் காஸ்தான் நல்லது. அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், பரவாயில்லை.

மாற்றும்போது உங்களுக்கும் மாஸ்க், நோயாளிக்கும் மாஸ்க். இல்லையென்றால் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பழையதை நுழைந்த இடத்தை நோக்கி உரியுங்கள், வெளிப்பக்கம் இழுத்தால் லைனும் கூட வரும். பிறகு ஸ்டெரைல் கையுறை, 70 சதவீத ஆல்கஹாலில் 2 சதவீத குளோர்ஹெக்சிடின், 30 விநாடி முன்னும் பின்னுமாகத் தேய்த்து, முழுதாகக் காய விட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் தோல் புண்ணாகும், ட்ரெஸ்ஸிங்கும் நிற்காது. தையல் இருக்கிறதா, சிவப்பு, சீழ், வீக்கம் உண்டா, வெளியே எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது என்று பார்த்து எழுதுங்கள். நேற்றைவிட வெளியே வந்திருந்தால் உள்ளே திரும்பத் தள்ளாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பார்வையாளர் நேரத்தில் வீட்டார் கோயில் விபூதி கொண்டுவருவார்கள். சிலர் தீர்த்தம், சிலர் ஜெபித்த எண்ணெய். ஐசியு வாசலில் காத்துக் கிடப்பவர்களுக்கு, நோயாளிக்காகத் தாங்களே செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதைத் தடுக்காதீர்கள். "நெத்தியில மட்டும் வைங்கம்மா, கழுத்துப் பக்கம் வேண்டாம், அங்க இதயத்துக்குப் போற லைன் இருக்கு" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். வைத்த பிறகு தூள் உதிர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

கீமோவுக்காகக் கையில் பிஐசிசி லைனோடு (கை வழியாக நுழைந்து அதே பெருஞ்சிரை வரை போகும் லைன்) வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே அக்கறை வேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, குளிக்கும்போது பிளாஸ்டிக் உறை சுற்ற வேண்டும், கடலிலோ குளத்திலோ இறங்கக் கூடாது. கூட்டமான ரயிலில் அந்தக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சல், குளிர், கை வீக்கம் வந்தால் அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும்.

காய்ச்சல் வந்தால், லைனை எடுக்கும்போது

ஃப்ளஷ் போட்ட கொஞ்ச நேரத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வந்தால் முதல் சந்தேகம் லைன் மேல்தான் வர வேண்டும். தோல் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே கிருமி இருக்க வெளியே சிவக்க வேண்டும் என்பதில்லை. டாக்டருக்குச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன், லைனிலிருந்து ஒன்றும் கையிலிருந்து ஒன்றும் ப்ளட் கல்ச்சர் ஒரே நேரத்தில் போக வேண்டும், எது எங்கிருந்து எடுத்தது என்ற லேபிளோடு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற டாக்டரின் குழு நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் ஐந்தே விஷயங்களைக் கட்டாயமாக்கியது. கை கழுவுவது, லைன் போடும்போது முழுப் பாதுகாப்பு உடை, குளோர்ஹெக்சிடின், முடிந்தவரை தொடைப் பக்கம் போடாமல் இருப்பது, தேவை முடிந்த லைனை எடுப்பது. 2006-இல் வந்த அவர்கள் கட்டுரையின்படி, லைன் வழியாக ரத்தத்தில் வரும் தொற்று, ஆயிரம் கதீட்டர் நாளுக்கு 2.7 என்றிருந்த நடு அளவிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. புது மருந்தோ புது இயந்திரமோ அதில் இல்லை. இந்த ஐந்தில் கடைசியை நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். காலை ரவுண்ட்ஸில் "சார், இந்த லைன் இன்னும் வேணுமா?" என்று தினமும் கேளுங்கள். நார்அட்ரீனலின் நின்று இரண்டு நாளாகியும், ரத்தம் எடுக்க வசதி என்ற ஒரே காரணத்துக்காக லைன் கழுத்திலேயே இருப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

எடுக்கும்போது பயப்பட வேண்டியது காற்றுக்கு. உட்கார்ந்திருக்கும் நோயாளியிடமிருந்து ஒருநாளும் எடுக்காதீர்கள். ரத்தம் உறையும் தன்மை சரியாக இருக்கிறதா என்று ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சமமாகவோ தலை கொஞ்சம் தாழ்வாகவோ படுக்க வையுங்கள். தையலை வெட்டி, "மூச்சை இழுத்துப் பிடிச்சு, மலம் கழிக்கிற மாதிரி முக்குங்க" என்று சொல்லி, அந்த நேரத்தில் சீராக இழுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அது மூச்சை உள்ளே தள்ளும் நேரத்தில். வெளியே வந்த கணமே காஸால் அழுத்தி குறைந்தது 5 நிமிடம் பிடித்து, பிறகு காற்றுப் புகாத ட்ரெஸ்ஸிங். அரை மணி நேரம் படுத்தே இருக்கட்டும். முனை முழுதாக வந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இழுக்கும்போது தடைபட்டால் அப்படியே நிறுத்தி, மூடி, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சாச்சுரேஷன் இறக்கம், பிபி இறக்கம் வந்தால் காற்று போயிருக்கலாம். திறந்த இடத்தை மூடுங்கள், இடது பக்கமாகத் திருப்பி தலையைத் தாழ்த்துங்கள், 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுங்கள், நோயாளியை விட்டு நகராமல் குரல் கொடுத்து ஆளைக் கூப்பிடுங்கள்.

எடுத்த இடத்து ட்ரெஸ்ஸிங் குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும். அதற்குள் நோயாளி வார்டுக்கு மாறுகிறார் என்றால், எத்தனை மணிக்கு எடுத்தது, எப்போது திறந்து பார்க்கலாம் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதோடு, வார்டு சிஸ்டரிடம் வாயாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.